அரபு எழுத்துப் போட்ட டின்

புதிதாகச் சுகாதாரப் பரிசோதகர் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் பேச வராது. கோபம் வந்துவிடும், பிறகு யாராவது மனம் நோவார்கள். அதனால் எழுதித் தருகிறேன். எழுத்திலும் கோபம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுக்காமல் விடுங்கள், ஆனால் வாசியுங்கள்.

நீங்கள் ஒரு பலசரக்குக் கடைக்குள் போனால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கற்றைத் திருப்பித் திகதியைப் பார்ப்பீர்கள். திகதி முடிந்திருந்தால் முதலாளியைப் பிடிப்பீர்கள். முடியவில்லையென்றால் இருந்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவீர்கள். சாமான் வாங்க வருகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். முன்பக்கத்துப் படம், பின்பக்கத்துத் திகதி. நடுவில் எறும்பு மாதிரிப் பொடி எழுத்தில் கிடக்கிற முழுக் கதையையும் யாரும் பார்ப்பதில்லை. அது தங்களுக்கு எழுதியதில்லை, வேறு யாருக்கோ எழுதியது என்று நினைக்கிறார்கள்.

நான் சொல்லப்போவது திகதி முடியாத ஒரு டின்னைப் பற்றி. அதில் பூச்சி இல்லை, துரு இல்லை, கலப்படம் இல்லை. அதன் மேல் எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த டின்னால் ஒரு பிள்ளை சாகக் கிடந்தது.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்தில் என்னுடைய பகுதியில் கரைத்தீவுப் பக்கத்துக் குடியேற்றங்களும் இருந்தன. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனம். கிடுகுக் குடிலில் இருந்தவர்கள் கல்வீடு கட்டத் தொடங்கியிருந்த காலம். பூச்சு இல்லை, சிலதுக்குக் கதவும் இல்லை, ஆனால் சுவர் இருந்தது. நான் புத்தளத்தான், ஊர்க்காரன். அதை அவர்களும் மறக்கவில்லை, என்னை மறக்க விடவும் இல்லை.

எங்கள் ஆட்கள், அதாவது இரண்டு பக்கத்து முஸ்லிம்களும், சாமான் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனமாகப் பார்ப்பார்கள். ஹலால் அடையாளம் இருக்கிறதா என்று. அது நல்ல பழக்கம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அடையாளத்தைக் கண்டதும் கண்ணை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கற்றில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பக்கற் முழுக்க அரபு எழுத்தாக இருந்தால் அந்த அடையாளத்தையும் தேட மாட்டார்கள். அரபு எழுத்தே போதும். அந்த டின்னைக் கீழே தரையில் வைக்கக்கூட மாட்டார்கள். அலுமாரியின் மேல் தட்டில் வைப்பார்கள்.

அந்த வருடம் நோன்புக்கு முன்னர் எங்கள் ஊரில் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் குடியேற்றம் முழுவதற்கும் உலர் உணவுப் பொதி கொடுத்தார். அரிசி, சீனி, பருப்பு, பேரீச்சம்பழம். ஒவ்வொரு பொதியிலும் ஒரு பெரிய டின். சவூதியிலிருந்து அவருடைய கூட்டாளி ஒருவர் அனுப்பியது. நீலமும் பொன்னிறமும். முன்பக்கத்தில் தாய் ஒருத்தி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்தில் வெள்ளையாய்த் ததும்புகிற கோப்பை. மற்றதெல்லாம் அரபு.

பெருநாளுக்கு இன்னும் பத்து நாள் அளவில் இருந்தபோது எங்கள் மருத்துவிச்சி எனக்குப் போன் எடுத்தார். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழ் பேசுவார், அவசரம் வந்தால் பாதியில் சிங்களத்துக்குத் தாவிவிடுவார். குழந்தையை எப்போதும் 'பபா' என்பார்.

"சேர், ஒருக்கா வரணும். ஒரு பபா. எனக்குப் புடிக்கல்ல."

"என்ன புடிக்கல்ல?"

"வெயிட் கூடியிருக்கு."

"கூடினா நல்லதுதானே?"

"அனே சேர், வாங்களேன்!"

போனேன். பிள்ளையின் தாய் பெயர் ஸரீனா. இருபத்தைந்து வயது இருக்கும். என்னைக் கண்டதும் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு பெருமை.

"பாருங்க சேர், எப்புடிக் கொழுத்திருக்கா எண்டு. இந்த மருத்துவிச்சி மிஸ்தான் கண் வைக்கிறா."

பிள்ளைக்கு ஏழெட்டு மாதம். கன்னம் இரண்டும் உப்பி, கண் இரண்டும் கோடாகி, கையும் காலும் மினுமினுவென்று இருந்தது. நானும் ஒரு கணம் கொழுத்த பிள்ளை என்றுதான் நினைத்தேன். மருத்துவிச்சி பிள்ளையின் புறங்காலில் பெருவிரலை வைத்து அமத்தினார். பிறகு விரலை எடுத்தார். விரல் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பள்ளம் நிரம்பவில்லை. பிள்ளை முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

அது கொழுப்பு இல்லை, தண்ணீர். சத்து இல்லாத உடம்பில் கட்டும் தண்ணீர். தராசில் ஏறினால் அதுவும் நிறைதான். தராசு பொய் சொல்லவில்லை. எதை நிறுக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"பிள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பால்தான் சேர்."

"ஆர்ட பால்?"

"எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தன். அதோட பால் வத்திட்டு. கொஞ்ச நாள் கடையில பிள்ளைப் பால்மா வாங்கினம். புறகு அல்லாஹ் தந்தான், ஹாஜியார்ட பொதியில சவூதிப் பால் வந்திச்சு. அண்டையிலிருந்து அதான். உசத்திப் பால் சேர். எங்கட தேத்தண்ணிக்கும் எடுக்காம இவக்கு மட்டும் வச்சிருக்கன். பக்கத்து ஊட்டு ஆளும் தன்ட டின்ன இவக்கெண்டு தந்திட்டா."

"கொண்டு வாங்க அந்த டின்ன."

கொண்டு வந்தவள் ஸரீனாவின் மூத்த சகோதரி. மர்யம் ராத்தா என்று சொல்வார்கள். குடியேற்றத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவள். தலைச் சீலையின் முனையால் டின்னைத் துடைத்துவிட்டுத்தான் என் கையில் தந்தாள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மொழியில் ஒரு வரியும் இல்லை.

"குடுங்க சேர், நான் ஓதிக் காட்டுறன்," என்றாள்.

ஓதினாள். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் உச்சரிப்புக் குறிகள் போட்டிருக்கும். டின்னில் அது கிடையாது. ஆனாலும் ஓதிப் பழகிய வாய் அல்லவா, தானாகவே போட்டுக்கொண்டு போனது. என்ன குரல் தெரியுமா! நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. பின்பக்கத்தில் சிவப்புக் கட்டம் போட்டு ஒரு வரி இருந்தது. அதையும் ஓதினாள். "கைரு முனாசிபின்" என்று தொடங்கி ஒரு மூச்சில் முடித்தாள். ஸரீனா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டாள்.

"சரி. கருத்து என்ன?" என்றேன்.

"கருத்தா?" மர்யம் ராத்தா சிரித்தாள். "நான் என்ன மௌலவியா சேர்? நீங்களும் ஓதின ஆள்தானே, நீங்க சொல்லுங்களன்."

நானும் ஓதியவன்தான். எழுத்துக்கூட்டி அந்த வரியை என்னாலும் வாசிக்க முடியும். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது.

"நல்லதுதான் எழுதியிருக்கும் சேர்," என்றாள் ஸரீனா. "அரபுதானே."

நான் நோன்பு. வாயில் வைத்துப் பார்க்க முடியாது. மருத்துவிச்சியிடம் டின்னை நீட்டினேன். விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்தார். வெள்ளையாகத்தான் கரைந்தது. மேலே எண்ணெய்ப் படலம் வட்டம் வட்டமாக மிதந்தது.

"சேர், இது பால் இல்ல. டீக்கு வெள்ளை வரப் போடுற சாமான். சீனியும் எண்ணெயும்."

இங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு அந்த டின் மேலேதான் கோபம் வரும். யார் கொண்டு வந்தான், எங்கே வாங்கினான், மாதிரி எடுக்க வேண்டும், முத்திரை வைக்க வேண்டும் என்று மூளை ஓடும். ஓட விடாதீர்கள். டின் ஓடிப் போகாது. முதலில் பிள்ளை. நான் அன்றைக்குச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

ஸரீனா மாட்டேன் என்றாள். கணவன் கடலுக்குப் போயிருக்கிறான், நோன்பு நாள், பெருநாள் வேலை கிடக்கிறது. "பெருநாள் கழிச்சுக் கொண்டு போறன் சேர்."

"பெருநாளைக்குப் பிள்ளை இருக்கணுமே!" என்று கத்தினேன்.

மர்யம் ராத்தாவின் முகம் கறுத்துப்போனது. "நீங்க உங்கட ஊர்ப் பிள்ளையெண்டா இப்புடிக் கதைப்பீங்களா?" என்று கேட்டாள். கத்தியதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் பயந்தார்கள், பயந்ததால் போனார்கள். மருத்துவிச்சி முச்சக்கர வண்டியில் கூடவே ஏறிக்கொண்டார்.

நான் டின்னை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். பின்னேரத்து அசர் தொழுகை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. மௌலவி இளம் ஆள். அரபு படித்தவர், மதரஸாவில் வருடக் கணக்காக இருந்தவர். டின்னை அவர் கையில் கொடுத்து, சிவப்புக் கட்டத்தைக் காட்டி, "இதுக்குக் கருத்துச் சொல்லுங்க," என்றேன்.

அவர் ஒரு தடவை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சேர், இதில 'பால்குடிப் பிள்ளைகளுக்குப் பொருத்தமில்ல' எண்டு எழுதியிருக்கு. தாய்ப்பாலுக்குப் பதிலாக் குடுக்க வேணாம் எண்டும் கீழ இருக்கு."

அவர் டின்னைத் திருப்பி முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தார்.

"எங்கட ஊட்டிலயும் ஒரு டின் இருக்கு சேர். தேத்தண்ணிக்குப் போடுறம். நான் திருப்பிக்கூடப் பாக்கல்ல." அவர் விரல் அந்த வரியின் முதல் சொல்லில் நின்றது. "இந்தச் சொல்லு தெரியாதா உங்களுக்கு? அல்ஹம்து சூறாவில கடைசி ஆயத்தில வருமே. ஒவ்வொரு தொழுகையிலயும் ஓதுறமே. 'அல்லாத' எண்டு கருத்து."

"கைரு" என்றுதானே அந்தப் பெண் ஓதினாள்? சற்று முன்பு, அந்தப் பிள்ளைக்கு முன்னால், அந்தத் தாய் தலையாட்டிக்கொண்டிருக்க, இதைப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று அந்த வீட்டில் சத்தமாக ஓதப்பட்டது. ஓதியவளுக்கு விளங்கவில்லை, கேட்டவளுக்கு விளங்கவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் விளங்கவில்லை. எத்தனை கடையில் எத்தனை கள்ளனைப் பிடித்திருக்கிறேன்! இது மாதிரி ஒன்று என் வாழ்க்கையில் நடந்ததில்லை. ஏமாற்றியவன் ஒருவனும் இல்லை. டின் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள் அதைத் துடைத்து அலுமாரிக்கு மேலே வைத்திருந்தோம்.

பிறகுதான் மற்ற வீடுகள் நினைவுக்கு வந்தன. எல்லா வீட்டிலும் இந்த டின். எத்தனை வீட்டில் பால்குடிப் பிள்ளை?

ஹாஜியாரின் கடைக்குப் போனோம், நானும் மௌலவியும். நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடாது. விஷயத்தைச் சொன்னதும் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

"நான் நஞ்சா குடுத்தன்?"

"நஞ்செண்டு சொல்லல்ல. தேத்தண்ணிச் சாமான். பிள்ளைக்குக் கூடாது."

"நான் விக்கல்லயே சேர், சதகாதானே?"

"சும்மா குடுத்தாலும் பிள்ளைட வயித்துக்கு ஒண்டுதான்."

"சரி, சரி. பெருநாள் கழியட்டும். ஊடு ஊடா ஆள அனுப்பி எல்லா டின்னையும் எடுக்கிறன். சத்தம் போடாம முடிப்பம். நோன்பு நாளையில என்ட மானத்த வாங்காதீங்க."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் கெட்ட யோசனை சொல்லவில்லை. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நடக்காது. ஆள் அனுப்பிக் காரணம் சொல்லாமல் டின்னைக் கேட்டால் பெண்கள் என்ன நினைப்பார்கள்? உசத்திச் சாமானைத் திருப்பிப் பிடுங்குகிறார்கள் என்று நினைப்பார்கள். முடிந்துபோச்சு என்று சொல்லி ஒளித்து வைப்பார்கள். ஒளித்ததை யாருக்குக் கொடுப்பார்கள்? பிள்ளைக்கு. அதைவிடப் பெருநாள் வரைக்கும் எத்தனை போத்தல் கரைப்பார்கள்?

"இப்பவே பள்ளி மைக்கில சொல்லணும்," என்றேன். "நோன்பு திறக்க முன்ன. எல்லாரும் ஊட்டில இருக்கிற நேரம்."

"நான் சொல்றன்," என்றார் மௌலவி.

"நீங்க கருத்தைச் சொல்லுங்க. டின்னைக் கொண்டுவரச் சொல்லி ஹாஜியார் சொல்லணும்."

ஹாஜியார் எழும்பிவிட்டார். "நானா? என்ட வாயால நானே சொல்லுறதா?"

"நான் சொன்னா, ஊர்க்காரனுக்கு அகதிக்குக் கிடைச்சதில பொறாமை எண்டு சொல்லுவாங்க. மௌலவி சொன்னாக் கேப்பாங்க, ஆனா டின் வராது. தந்த ஆள் கேட்டாத்தான் வரும்."

"சேர், இந்தப் பகுதியில எனக்கெண்டு ஒரு பேர் இருக்கு."

"ஹாஜியார், அந்தப் பிள்ளைட கால்ல விரல வச்சு அமத்தினன். பள்ளம் அப்படியே கிடந்திச்சு. உங்கட பேருக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியா. அந்தப் பள்ளம் இன்னும் எத்தின பிள்ளைக்கு இருக்கெண்டும் தெரியா."

விரல் வைத்தது மருத்துவிச்சி. அப்போது எனக்கு அதெல்லாம் திருத்திச் சொல்லத் தோன்றவில்லை.

அவர் கடை வாசலைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டார். மூவரும் பள்ளிக்குப் போனோம்.

மைக்கில் முதலில் மௌலவி அந்த அரபு வரியை வாசித்தார், பிறகு கருத்தைச் சொன்னார். மெதுவாக, இரண்டு தடவை. பிறகு ஹாஜியார். "இது நான் தந்த டின்," என்று தொடங்கினார். "எனக்குத் தெரியாமத் தந்திட்டன். பிள்ளைக்குக் குடுத்த ஆக்கள் இப்பவே பள்ளிக்கு வாங்க. டின்னை நான் திருப்பி எடுக்கிறன். வேற சாமான் தாறன். பிள்ளைக்குக் குடுக்காதீங்க, அல்லாஹ்வுக்காகக் குடுக்காதீங்க," என்றார்.

வந்தார்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் டின்னுமாக. பள்ளி முற்றத்தில் டின்கள் குவிந்தன. மூடி திறந்தது, திறக்காதது, பாதி முடிந்தது. ஒரு பெண் டின்னை ஹாஜியாரின் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஹாஜியார், உங்கட பேரப்பிள்ளைக்கும் இதத்தான் குடுத்தீங்களா?"

இன்னொருத்தி பின்னால் நின்று, "அகதிப் பிள்ளைதானே, எதையும் குடிக்கும் எண்டு நெனச்சிருப்பார்," என்றாள்.

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு டின்களை எடுத்து அடுக்கினார். ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு வீட்டில் பால்குடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அந்த மனிதர் மைக்கைப் பிடித்திருக்காவிட்டால் பெருநாளைக்கு நாங்கள் குழி வெட்டியிருப்போம். அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். சாமானைப் பிடித்தாயிற்று, அறிவித்தாயிற்று, பிள்ளையை அனுப்பியாயிற்று.

பெருநாளுக்கு முதல் நாள் மருத்துவிச்சி திரும்பவும் போன் எடுத்தார். "சேர், அவங்க பபாவைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க. இப்பப் போனா அந்தப் பபா முடிஞ்சுது."

வார்டுக்குப் போனபோது ஸரீனாவின் கணவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடலிலிருந்து நேரே வந்தவன். கண் சிவந்திருந்தது.

"நீங்கதானா அந்தப் பீ.எச்.ஐ.? வாங்க, வந்து பாருங்க. கொண்டு வரேக்க எப்புடி இருந்த பிள்ள! இப்பப் பாருங்க, என்ன செஞ்சு வச்சிருக்காங்க எண்டு!"

பார்த்தேன். கட்டிலில் பாதிப் பிள்ளை கிடந்தது. நான் சும்மா சொல்லவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது. தோல் தொடையில் மடிந்து தொங்கியது. விலா எலும்பை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கண் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது. வீக்கம் வடியும் என்று எனக்குத் தெரியும். வடிந்தால் இதுதான் மிஞ்சும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளை அந்தத் தண்ணீருக்குள் எத்தனை கிழமை இப்படியே கிடந்திருக்கிறது! நாங்கள் எல்லோரும் மேலே இருந்த தண்ணீரைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஸரீனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இது என்ட பிள்ள இல்ல. மாத்திட்டாங்க," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த வீட்டில் கத்தியது மாதிரிக் கத்த வேண்டும் என்று. அடக்கிக்கொண்டேன். அன்றைக்குப் பயம் காட்டித்தான் இவர்களைக் கொண்டு வந்தேன். பயம் அவர்களை இங்கே கொண்டு வந்தது, இப்போது அதே பயம்தான் வெளியே இழுக்கிறது. இன்னும் கொஞ்சம் பயம் காட்டி என்ன நடக்கப் போகிறது?

அப்போதுதான் யோசித்தேன். இத்தனை நாளில் இந்தப் பெண்ணுக்கு யார் என்ன சொன்னார்கள்? நான் கத்தினேன். டின்னைப் பற்றி மைக்கில் சொன்ன நேரம் இவள் இங்கே வார்டில். அக்காக்காரி வந்து, பால் கூடாதாம், நஞ்சாம் என்று அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். இங்கே சின்னக் கோப்பையில் சின்னச் சின்ன அளவாக ஒரு பால் கொடுக்கிறார்கள். அதைக் குடிக்கக் குடிக்கப் பிள்ளை மெலிகிறது. நான் அந்தத் தாயாக இருந்தாலும் பையைக் கட்டியிருப்பேன்.

இளம் பெண் டொக்டர் ஒருவர் வந்தார். தமிழ் பேசுகிறவர், களைத்துப்போயிருந்தார். நான் அவரிடம், "இவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லுங்க டொக்டர், மறைக்க வேணாம்," என்றேன். அவர் வார்டில் பிள்ளைக்குக் கரைக்கும் பால் மாவை எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தைத் திருப்பி, இன்னது இவ்வளவு, இன்னது இவ்வளவு என்று வாசிக்கத் தொடங்கினார். புரதம், தாது உப்பு, இன்னும் என்னவெல்லாமோ.

ஸரீனா திரும்பினாள். "டொக்டர், ஓதிக் காட்ட வேணாம். எங்கட ராத்தாவும் ஓதினவ. கருத்தச் சொல்லுங்க."

டொக்டர் அந்தப் பால் மாவை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். சாதாரணமாகச் சொன்னார். உடம்பைக் கட்டுகிற சாமான் ஒன்று இருக்கிறது, வீட்டுக்குக் கல் மாதிரி. நீங்கள் கொடுத்த டின்னில் அது கிட்டத்தட்ட இல்லை. சீனியும் எண்ணெயும்தான். அது இல்லாவிட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதில் அது இருக்கிறது. ஆனால் பிள்ளையின் உடம்பு நொந்துபோய் இருக்கிறது, ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது, அதனால்தான் சின்னக் கோப்பை. தண்ணீர் போகிறது, அதனால் மெலிகிறது. மெலிகிறது என்றால் சுகமாகிறது.

"அப்ப முதல்ல இருந்தது?"

"தண்ணி."

"நான் வாற போற ஆக்களுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டினது?"

டொக்டர் என்னைப் பார்த்தார்.

"ஓம் மகள்," என்றேன். "தண்ணிதான்."

அவள் பிள்ளையைப் பார்த்தாள். வார்டுக்கு வந்த பிறகு அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அந்தச் சூம்பிய காலைக் கையில் எடுத்து, பெருவிரலால் புறங்காலை அமத்தினாள். விரலை எடுத்தாள். தோல் திரும்பி எழும்பியது. இன்னொரு தடவை அமத்திப் பார்த்தாள்.

கணவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்ன, போவமா?" என்றான்.

அவள் கையை நீட்டிப் பையை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"நீங்க பெருநாளைக்கு ஊட்ட போங்க. இவ இன்னும் முழுசா வரல்ல. வந்தாப் புறகு கூட்டிக்கொண்டு வாறன்."

பெருநாள் அன்றும் அங்கேதான் இருந்தாள், அதற்குப் பிறகும் இருந்தாள். கூட்டிக்கொண்டுதான் போனாள்.